பிலடெல்பியாவிலிருந்து வந்த பழத்தோட்டம்

புதுச்சேரியிலிருந்து புது தில்லிக்கு வாரம் ஒருமுறை செல்லும் விரைவு ரயில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே வில்லியனூரைத் தாண்டிவிடுகிறது. 1879இல் விழுப்புரத்துக்குப் போட்ட அதே பாதை. சுற்றிலும் நெல், கரும்பு, தென்னை. வீட்டுக் கொல்லைகளில் கொய்யா, கிணற்றடியில் பப்பாளி, மேட்டு நிலத்தில் முந்திரி. தெற்கே பாகூர்ப் பக்கம் போனால் பெரிய ஏரி வரும். தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் அதில் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த ஏரியை நம்பித்தான் அங்கே நெல்லும் வாழையும்.

இந்த ஊர்களில் யாரும் கொய்யாவை வெளியூர்ப் பழம் என்று நினைப்பதில்லை. ஆனால் கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா, முந்திரி, அன்னாசி எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கொலம்பசுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி வந்து, கொல்லையில் வேர்விட்டு, நாலு தலைமுறைக்குள் ஊர்ப் பழமாகிவிட்டவை. முதல் விதை யார் மடியில் வந்தது, எந்தத் துறையில் இறங்கியது என்பதற்கெல்லாம் எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

வில்லியனூர்க் கடைத்தெருத் தள்ளுவண்டிகளில் ஆகஸ்ட் பிறந்தால் குவிகிற சிவப்பு ஆப்பிளுக்கு மட்டும் எழுத்தும் உண்டு, சாட்சியும் உண்டு. இமாசலத்திலிருந்து வரும் அந்தப் பழத்தின் முன்னோர் எந்த ஆண்டில், யார் கையால், எந்த மலையில் நடப்பட்டார்கள் என்பது தெரியும். நட்டவரின் வீடு இன்றும் நிற்கிறது, அவர் குடும்பம் இன்றும் இருக்கிறது. அந்த மலையைத் தேடிப் போவதென்றால் வில்லியனூர் வழியாகப் போகும் இந்தத் தில்லி ரயில் நல்ல தொடக்கம்.

தில்லியிலிருந்து கால்கா. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் குறுகிய ரயில் பாதை. 102 சுரங்கப்பாதைகள் வழியாக, வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதை 1903 நவம்பரில் திறக்கப்பட்டது. அது திறந்து சில மாதங்களில், 1904இல், 21 நிரம்பி 22 நடந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க இளைஞர் பம்பாயில் வந்து இறங்கி, இதே மலைகளுக்கு வந்துசேர்ந்தார். பெயர் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவின் செல்வக் குடும்பம் ஒன்றின் பிள்ளை. அவர்கள் குவேக்கர் கிறித்தவர்கள், தந்தை மின்தூக்கிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். பிள்ளையோ தொழிலை உதறிவிட்டு, சிம்லா மலையடிவாரத்தின் சபாத்து ஊரில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் ஊழியம் செய்ய வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் காங்க்ரா பள்ளத்தாக்கை நிலநடுக்கம் சிதைத்து இருபதாயிரம் பேர் வரை மாண்டபோது, மீட்புப் பணிக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

சமவெளியின் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு தேற மலைமேல் கோட்கருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கேயே தங்கிவிட்டார்.

சிம்லாவிலிருந்து கோட்கர் போக இன்றைக்கு மூன்று மணி நேரம் ஆகும். பழைய இந்துஸ்தான் திபெத் சாலையின் தடத்தில், தேவதாரு மரங்களுக்கு இடையே, 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் நார்கண்டா. கடல் மட்டத்திலிருந்து 2,700 மீட்டர் உயரம். அங்கிருந்து பிரியும் கிளைச் சாலை இறங்கத் தொடங்கியதும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய நிலங்கள். எல்லாப் படியிலும் ஆப்பிள் மரங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் மரங்களுக்கு மேலே ஆலங்கட்டி மழையைத் தடுக்கும் வலைகளை வெள்ளைப் பந்தல்போலக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். பதினைந்து கிலோமீட்டர் போனால் தானேதார். கீழே, ஆழத்தில், சட்லஜ் ஆறு. பக்கத்தில் தானி ஜுப்பர் என்று ஒரு சிறு ஏரி. பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குட்டையாகத் தோன்றலாம். கோட்கர் இன்னும் கொஞ்சம் கீழே. 1843இல் கிறித்தவ மிஷன் தொடங்கிய ஊர் அது. 1872இல் கட்டிய புனித மரியாள் தேவாலயம் இன்றும் இருக்கிறது.

சில ஆண்டுகள் ஸ்டோக்ஸ் துறவிபோல வாழ்ந்தார். சாது சுந்தர் சிங் அவருடைய தோழர். பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸுக்கும் அவர்மேல் பற்று. சொத்தைக் கொடுத்துவிட்டு, கால்நடையாகத் திரிந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் ஒரு கட்டத்தில் தன் வழியையே கேள்வி கேட்கத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் தன்னை மகான் என்று கும்பிடுகிறார்களே தவிர, தங்களில் ஒருவனாக எண்ணவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1912 செப்டம்பரில் அந்த மலையில் பிறந்து வளர்ந்த ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். தானேதாருக்கு மேலே பாருபாக்கில் நிலம் வாங்கி விவசாயியானார். உள்ளூர்க் கல்லும் மரமும் கொண்டு அங்கே எழுப்பிய வீட்டுக்கு ‘ஹார்மனி ஹால்’ என்று பெயர்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டோக்ஸ் கையில் பணம் இருந்தது. பிலடெல்பியாக் குடும்பம் துணை நின்றது. வெறுங்கையோடு வந்து காடு திருத்திய கதை இல்லை இது. அந்தக் கதையும் உண்டு, ஆனால் அது வேறு திசையில் போனது. அதற்குப் பிறகு வருவோம்.

மலைக்காரர்கள் அப்போது கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு பயிரிட்டு வந்தார்கள். துண்டு துண்டான நிலம், வீட்டுக்கே போதாத விளைச்சல். ஆப்பிள் அங்கே முற்றிலும் தெரியாத பொருளும் இல்லை. 1870 வாக்கில் குல்லு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தோட்டம் போட்டிருந்தார். ஆனால் அது இங்கிலாந்து நாக்குக்குப் பிடித்த புளிப்புப் பழம். இந்தியச் சந்தை இனிப்பைக் கேட்டது.

அந்த இனிப்பு அமெரிக்காவில் இருந்தது. அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயியின் தோட்டத்தில் வரிசை தப்பி ஒரு கன்று முளைத்தது. வேண்டாம் என்று வெட்டினார், மறுபடி துளிர்த்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் துளிர்த்தது. சரி, பிழைத்துப் போ என்று விட்டுவிட்டார். அதில் காய்த்த சிவப்புப் பழத்தை 1893இல் மிசௌரி மாநிலத்தின் லூசியானா ஊரில் நடந்த போட்டிக்கு அனுப்ப, ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றங்கால் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி ‘டெலிஷியஸ்’ என்று பெயர் வைத்து நாடெங்கும் விற்றது. ‘ரெட் டெலிஷியஸ்’ என்று பின்னால் உலகம் அறிந்த ரகம் அதுதான்.

1916இல் ஸ்டோக்ஸ் அந்த நிறுவனத்தின் கன்றுகளைத் தருவித்து பாருபாக்கில் நட்டார். ஆப்பிள் கன்று நட்ட மறு ஆண்டே காய்க்கிற பயிர் இல்லை. அந்தக் கால ரகங்களுக்கு ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் 1921இல் பிலடெல்பியாவிலிருந்து தாயார் கிறிஸ்துமஸ் பரிசாக வேறொரு ரகத்தின் கன்றுகளை அனுப்பினார். அது மஞ்சள் பழம் தரும் ‘கோல்டன் டெலிஷியஸ்’. மேற்கு வர்ஜீனியாவில் ஒரே ஒரு தாய்மரமாக நின்றதை ஸ்டார்க் நிறுவனம் 1914இல் 5,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

அந்தப் பரிசின் அருமை தோட்டக்காரர்களுக்குத்தான் தெரியும். ரெட் டெலிஷியஸ் மரம் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளாது. அதே ரகத்து மரங்களை மட்டும் நூறு ஏக்கருக்கு நட்டாலும் பூ பூக்கும், காய் பிடிக்காது. பக்கத்தில் வேறு ரகம் வேண்டும், அதே சமயத்தில் பூக்க வேண்டும், தேனீ இரண்டுக்கும் போய்வர வேண்டும். கோல்டன் டெலிஷியஸ் அதற்குப் பேர்போனது. இன்றும் கோட்கர்த் தோட்டங்களில் சிவப்பு மரங்களுக்கு நடுவே சில மஞ்சள் மரங்களை விட்டுவைப்பார்கள். ஏப்ரலில் பூக்கும் நேரத்தில் தேனீப்பெட்டிகளை வாடகைக்கு வாங்கி வந்து வைக்கிறார்கள்.

ஸ்டோக்ஸ் கன்றுகளைத் தன் வேலிக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஒட்டுக் கட்டி, கன்றுகளை ஊராருக்குக் கொடுத்தார். கவாத்து செய்யவும் உரம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். உடனே எல்லோரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் தவறு காண முடியாது. அரை வயிறு நிறைக்கும் கோதுமை நிலத்தை, ஏழு ஆண்டு கழித்துக் காய்க்கப்போகும் மரத்துக்குக் கொடுக்க எந்தக் குடியானவருக்குத் துணிச்சல் வரும்? பாகூர் வட்டாரத்தில் நெல்வயலைத் தோப்பாக்க நினைத்த எவரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்: நடுவிலுள்ள ஆண்டுகளுக்குச் சோறு எங்கிருந்து?

ஊர் அவரை நம்பத் தொடங்கியது ஆப்பிளால் மட்டும் இல்லை, அமஞ்சி என்ற கட்டாய வேலையை அவர் எதிர்த்ததாலும்தான். இந்துஸ்தான் திபெத் சாலையில் வெள்ளை அதிகாரிகள் பயணம் போனாலும், வேட்டைக்குப் போனாலும், மூட்டை சுமக்கவும் தபால் தூக்கவும் வழியிலுள்ள கிராமத்தார் வந்தாக வேண்டும். அறுவடை நாளா, வீட்டில் சாவா என்ற கேள்வி கிடையாது. கூலியும் பெயருக்குத்தான். பேகார் என்று அங்கே அழைக்கப்பட்ட இந்தக் கட்டாய ஊழியத்தை எதிர்த்து ஸ்டோக்ஸ் மனு எழுதினார், கூட்டம் கூட்டினார், இனிச் சுமக்க மாட்டோம் என்று ஊர்களை ஒன்றாக நிற்கவைத்தார். 1921இல் அரசு இறங்கிவந்தது. நிலமும் நேரமும் தனக்குச் சொந்தம் என்ற உறுதி வந்தபிறகுதான் ஒரு குடியானவரால் ஏழு ஆண்டுப் பயிரை யோசிக்கவே முடியும். தோட்டக்கலை நூல்களில் இந்த அத்தியாயம் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்தான் ஸ்டோக்ஸ். 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை அவரை முழுதாகத் திருப்பியது. 1920இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார், கதர் உடுத்தினார், அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் உறுப்பினரானார். அதில் இடம்பெற்ற ஒரே அமெரிக்கர் அவர். அரசுப் பணியையும் படையையும் விட்டு வெளியேறுமாறு இந்தியரை அழைத்த 1921ஆம் ஆண்டு அறிக்கையில் காந்தியோடு சேர்ந்து கையெழுத்திட்டார். அந்த டிசம்பரில் ராஜதுரோகக் குற்றத்துக்காக 6 மாதச் சிறை. வெள்ளையர் என்பதற்காகச் சிறையில் தனிச் சலுகை வேண்டாம் என்று மறுத்தார்.

வீட்டில் ஏழு பிள்ளைகள். தாரா என்ற மகன் சிறு வயதிலேயே வயிற்றுப்போக்கு நோயில் இறந்துபோனான். அவன் பெயரால் 1924இல் தோட்டத்திலேயே ஒரு பள்ளி தொடங்கினார் ஸ்டோக்ஸ். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் இடம், கட்டணம் இல்லை. கல்விக்காக விளைநிலத்தைக் கொடுப்பது பாகூருக்கும் பழக்கமான செய்திதான். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்கிறது.

1932இல் ஸ்டோக்ஸ் இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார், ஆக்னஸ் பிரியாதேவி ஆனார். தங்கள் பிள்ளைகள் ஊரோடு ஒன்றிப்போக மதமும் வேலியாக நிற்கக்கூடாது என்பது அதன் காரணங்களில் ஒன்று, கீதையிலும் உபநிடதங்களிலும் அவருக்கு இருந்த ஈடுபாடு மற்றொன்று. 1937இல் தானேதாரில் அவர் கட்டிய பரம்ஜோதிர் மந்திரைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. மரத்தால் ஆன கோயில். சிலை கிடையாது. சுவர்களில் கீதையின் சுலோகங்களும் உபநிடத வாக்கியங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

1946 மே 14இல் அவர் இறந்தார். விடுதலைக்கு இன்னும் 15 மாதம் இருந்தது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் அதற்கு மேலும் 7 ஆண்டு காத்திருப்பு. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18இல் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த பிறகுதான் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சட்டப்படியான இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16. ஸ்டோக்ஸ் பிறந்ததும் ஓர் ஆகஸ்ட் 16இல்தான், 1882இல்.

பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் புதுச்சேரித் துறையிலிருந்து கிளம்பிய கப்பல்களின் கதையைத்தான் முன்பு ‘பிறகு வருவோம்’ என்று விட்டது. அடிமை முறையைப் பிரான்ஸ் 1848இல் ஒழித்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854இல் குவாதலூப் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் போய்ச்சேர்ந்தன. குவாதலூப்புக்கு மட்டும் அடுத்த 35 ஆண்டுகளில் 42,000 பேர் வரை போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அவர்களில் கணிசமானவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஊர் திரும்பும் உரிமை காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் கொஞ்சம், கடலிலும் கரும்பிலும் மாண்டவர்கள் ஏராளம். நிலைத்தவர்களின் பிள்ளைகள் மெதுவாக ஒரு துண்டு நிலம் சேர்த்தார்கள்.

அவர்களில் ஒருவரின் மகன் ஹென்றி சிதம்பரம். குவாதலூப்பின் கபெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்தவர். ஸ்டோக்ஸ் இந்தியாவில் கால் வைத்த அதே 1904இல், குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். 1923 வரை நடந்தது அந்தப் போராட்டம். கடைசியில் அவர்களைப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. தானேதாரிலும் கபெஸ்தேரிலும் ஒரே காலத்தில் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: வந்து குடியேறியவர் எப்போது ஊர்க்காரர் ஆகிறார்? பணத்தோடு வந்தவர் தானாக முன்வந்து மூட்டை சுமப்போர் பக்கம் நின்று பதில் தேடினார். மூட்டை சுமக்கவே கொண்டுபோகப்பட்டவரின் மகன் நீதிமன்றப் படியேறிப் பதில் தேடினார். சிதம்பரம் ஏறிய படிதான் செங்குத்தானது.

கபெஸ்தேர் பிற்காலத்தில் வாழை நாடானது. அங்கேயும் பக்கத்துத் தீவு மார்த்தினிக்கிலும் 1972 முதல் 1993 வரை வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராகக் குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தை அள்ளித் தெளித்தார்கள். பாகூர் வாழைக்காரர்களுக்கும் அந்தக் கூன்வண்டு தெரிந்த எதிரிதான். பிரான்ஸ் நாடு 1990இல் மருந்தைத் தடைசெய்த பிறகும் தீவுகளுக்கு மட்டும் 1993 வரை விலக்கு அளித்தார்கள். மண்ணில் ஏறிய நஞ்சு தலைமுறைகள் கடந்தாலும் போகாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே வாழை வளரும், கிழங்கு பயிரிடத்தான் மண் லாயக்கற்றுப் போனது. பாட்டன் சேர்த்த துண்டு நிலம் பேரன் கைக்கு அப்படி வந்து சேர்ந்தது.

கோட்கருக்கும் சோதனைகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் சொறிநோய் என்ற பூசணம் இமாசல ஆப்பிளைக் கறுப்புப் புள்ளிகளால் மூடியது. பழம் அனுப்ப மரப்பெட்டி செய்து செய்து மலைக்காடுகள் அழிவதைக் கண்டு, அரசு அட்டைப்பெட்டிக்கு மாற்றியது. 1990இல் ஆப்பிளுக்கு நியாயமான ஆதரவு விலை கேட்டுப் போராடிய விவசாயிகள்மேல் கோட்கரில் போலீஸ் சுட்டதில் 3 பேர் இறந்தார்கள். பேகாரை எதிர்த்து நின்ற ஊர், எழுபது ஆண்டு கழித்துப் பெட்டி விலைக்காக நின்றது.

பெட்டி என்பது அங்கே சாதாரணச் சொல் இல்லை. விலை, கடன், கல்யாணம், படிப்பு எல்லாமே அதில்தான் கணக்கு. அண்மைக்காலம் வரை 20 கிலோ விலைக்கு 28, 30 கிலோ அடைத்துக் கொடுக்கும்படி மண்டிக்காரர்கள் வற்புறுத்துவது வழக்கமாக இருந்தது. மடித்து உயர்த்தக்கூடிய பழைய அட்டைப்பெட்டி அதற்கு இடம் கொடுத்தது. 2024 பருவத்திலிருந்து அளவு மாறாத ஒரே வகைப் பெட்டியை அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. கோயம்பேட்டில் இறங்கும் இமாசல ஆப்பிள் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது.

ஸ்டோக்ஸின் மகன் லால் சந்தை மணந்த வித்யா, கணவர் மறைந்தபின் 1974இல் அரசியலுக்கு வந்தார். 1985 முதல் 1990 வரை இமாசலச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவர். 2012 முதல் 2017 வரை தோட்டக்கலைத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. குடியேறியவரின் தோட்டத்துக்கு வந்த மருமகள் மாநிலத்தின் தோட்டங்களுக்கே அமைச்சர் ஆனார். அவர் காலத்தில்தான், 2016இல், உலக வங்கிக் கடனுதவியோடு இமாசலத் தோட்டக்கலையைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கி, இத்தாலியிலிருந்து கன்றுகள் வந்து இறங்கின. இவை மாமனார் நட்டவை மாதிரி ஓங்கி வளர்வதில்லை. குட்டையான வேர்ச்செடியில் கட்டிய ஒட்டுக்கன்றுகள், கம்பிப் பந்தலில் சாய்ந்து நிற்பவை. மூன்றாம் ஆண்டே காய்க்கும், ஆனால் பழைய மரங்களைப் போல அறுபது எழுபது ஆண்டு நிற்காது.

இன்றைக்கு இமாசலத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆப்பிள் இருக்கிறது. ஆனால் மலையின் குளிர் குறைந்துவருகிறது. ரெட் டெலிஷியஸ் மரம் நன்றாகப் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்தை ஒட்டிய உறக்கம் வேண்டும். பனி தள்ளிப்போவதால் தோட்டங்கள் உயரே கின்னௌருக்கும் ஸ்பிதிக்கும் ஏறுகின்றன. குல்லுவின் தாழ்வான பகுதிகளில் மாதுளையும் சீமைப் பனிச்சையும் ஆப்பிளின் இடத்தைப் பிடிக்கின்றன.

எதிர்த்திசையிலும் ஒருவர் முயன்றிருக்கிறார். பிலாஸ்பூர் மாவட்டத்துப் பனியாலாவைச் சேர்ந்த ஹரிமன் சர்மா, உயரம் குறைந்த தன் நிலத்தில், அதிகக் குளிர் கேட்காத ஆப்பிள் ஒன்றைத் தேர்ந்து வளர்த்தார். எச்.ஆர்.எம்.என்-99 என்ற அந்த ரகத்தைப் பல மாநிலச் சமவெளிகளில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாகூர் மண்ணிலும் நடலாமா என்று ஆசை பிறப்பது இயல்பு. மார்கழி விடியலிலும் 18 டிகிரிக்குக் கீழ் அரிதாகவே இறங்கும் கடற்கரை ஊரில் முதலில் நாலு கன்று வைத்துப் பார்ப்பதே நியாயம். வாழையைப் பிடுங்கிவிட்டு நட வேண்டாம்.

பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் பழம் தொங்கும் ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மழையும் மண்சரிவும் லாரி நெரிசலும் அப்போதுதான். ஊர்க்காரர்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது. ஹார்மனி ஹால் குடும்பத்தார் வாழும் வீடு, அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. விவசாயம் பார்க்கிறவர்கள் பிப்ரவரியில் போவது உத்தமம். பனியால் நார்கண்டாச் சாலை சில நாள் அடைபடலாம், ஆனால் இலை உதிர்ந்த மரங்களில் கவாத்து நடக்கும். மார்ச் நெருங்கினால் ஒட்டுக் கட்டத் தொடங்குவார்கள். சிம்லாவுக்குப் பக்கத்தில் மஷோப்ராவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோலன் அருகே நௌனியில் 1985இல் நிறுவிய ஒய்.எஸ். பர்மார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொய்யாவிலும் மாவிலும் ஒட்டுக் கட்டிப் பழகிய பாகூர்க் கை, ஆப்பிள் ஒட்டையும் ஒரு காலைப்பொழுதில் பிடித்துக்கொள்ளும்.